காரைக்கால் வானொலியில் ஒரு கால் மணி நேரம்

வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் தபால் நிலையத்துக்குச் சென்று, வரிசையில் நின்று, பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை வாங்கிவந்த காலம் ஒன்று இருந்தது. 1980-களின் நடுவில் அந்த வழக்கம் எடுபட்டுப் போனதால் இன்றைய இளைஞர்களுக்கு அது பழங்கதைபோலத் தோன்றக்கூடும். காரைக்காலிலும் அந்த வரிசை நின்றது. கைலாசநாதர் கோயில் வீதிக்காரர் அதில் நின்றார்; கடைத்தெரு மரைக்காயர் நின்றார்; தேற்றரவு அன்னை ஆலயத்தில் காலைப் பூசை கண்டுவிட்டு வந்த ஆசிரியர் நின்றார்; கோயிலும் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம், பகுத்தறிவே போதும் என்றிருந்த சுயமரியாதைக்காரரும் நின்றார். கட்டணம் எல்லார்க்கும் ஒன்றே. லைசென்ஸ் ஒழிந்து, வானொலியின் செலவைப் பொது வரிப்பணத்திலிருந்து சர்க்காரே ஏற்றுக்கொள்ளும் இக்காலத்திலும் அந்த வரிசை கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து கேட்பதற்குப் பாத்தியதை இருப்பதுபோல், நிலையத்துக்குள் சென்று மைக்கின் முன் அமர்ந்து பேசுவதற்கும் பாத்தியதை உண்டா என்பதே நான் இங்கே எடுத்துக்கொள்ளும் விஷயம்.

காரைக்கால் மிகச் சிறிய பிரதேசம். சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2,00,222 ஜனங்கள். மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ, கிழக்கே வங்கக் கடலை நோக்கியிருக்கும் இந்த மண், 1739 முதல் 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரையில், இடையிடையே ஆங்கிலேயர் வசப்பட்ட சில காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர்களின் ஆளுகையில் இருந்தது. ஆனால் இவ்வளவு சிறிய இடத்துக்குள் எத்தனை வழிபாடுகள்! ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்கும் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரி. தேற்றரவு அன்னையின் தேர்பவனி. மேற்கே ஐந்து கிலோமீட்டரில் சனி பகவானை நாடித் தேசம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் வந்து குளிக்கும் திருநள்ளாறு. தெற்கே போனால் சுமார் பதினைந்து கிலோமீட்டரில் நாகூர். இன்னும் அவ்வளவே தூரம் கடந்தால் வேளாங்கண்ணி. திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்றிவிட்டு, நாகூரில் பாத்திஹா ஓதுவித்துக்கொண்டு, வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு ஊர் திரும்பும் வாடகைக் கார்ப் பிரயாணிகளை எங்கள் சாலையில் எந்த நாளும் பார்க்கலாம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்பொழுது, பட்டினச்சேரி மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று உரிமையோடு அழைத்து வரவேற்கிறார்கள்; தங்கள் குலத்துப் பெண்ணை மணந்தவர் அவர் என்பது அவர்களுடைய ஐதீகம். இத்தகைய பூமிக்கு நடுவே அகில இந்திய வானொலியின் காரைக்கால் பண்பலை நிலையம் 100.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பி வருகிறது. அதன் அலைக்கு எல்லையிலுள்ள வாஞ்சூர்ச் சோதனைச் சாவடி கிடையாது. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களும் அதன் குரலைக் கேட்கின்றன.

1984-இல் நாகர்கோவிலில் முதன்முதலாக உள்ளூர் வானொலி என்ற பரீட்சை தொடங்கியபோது அதன் உத்தேசம் தெளிவாயிருந்தது: டில்லியிலோ சென்னையிலோ இருந்து ஜனங்களை நோக்கிப் பேசும் வானொலியாக இல்லாமல், அந்த ஊர் ஜனங்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலியாக அது இருக்கவேண்டும் என்பது. காரைக்கால் நிலையம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகையினால்தான் இந்தக் கேள்வியைத் தேசத்தின் பெரிய ஸ்தாபனங்களை நோக்கிக் கேட்பதற்கு முன்னால், எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் இந்தச் சிறு நிலையத்தை நோக்கிக் கேட்கிறேன். குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை; ஒரு முன்மாதிரியை இங்கிருந்து தொடங்கலாம் என்ற நம்பிக்கையே இதை எழுதத் தூண்டியது.

தமிழ் வானொலி நிலையங்கள் பலவற்றில் நெடுங்காலமாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. விடியற்காலை பக்தியிசை நேரத்தில் ஒரு முருகன் பாட்டு அல்லது அம்மன் பாட்டு. அடுத்து நாகூர் ஹனிபாவின் கணீரென்ற குரலில் ஓர் இஸ்லாமிய கீதம். அதற்கடுத்து ஒரு கிறிஸ்தவ கீதம். இந்த வரிசைக்கு எங்கள் தலைமுறை பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது. அரசலாற்றங்கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த வீடுகளில், பக்கத்து வீட்டாரின் மதத்தைப் பற்றி எந்தப் புத்தகமும் படித்திராத பெண்கள், நபி என்ற சொல்லையும் ரசூல் என்ற சொல்லையும் சிலுவைப் பாடுகள் என்ற சொல்லையும் அந்தப் பாட்டுகளின் வாயிலாகவே அறிந்துகொண்டார்கள்; அறிந்தது மாத்திரமல்ல, வாய்விட்டுப் பாடவும் பாடினார்கள். 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த ஹனிபாவுக்குக் காவிரிப் படுகையிலிருந்த ரசிகர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர் என்று நான் சொன்னால் அதை மறுப்பவர் இந்தப் பக்கத்தில் இருக்கமாட்டார். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியும் எங்களுக்குத் துல்லியமாகக் கேட்டது. அங்கே சைவ நற்சிந்தனைக்கு ஒரு நேரம், முஸ்லிம் சேவைக்குத் தனியாக ஒரு நேரம், கிறிஸ்தவ நிகழ்ச்சிக்கு ஒரு நேரம் என்று வகுத்திருந்தார்கள். ரமலான் மாதத்தில் எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் பெட்டியின் முள் இலங்கையை நோக்கித் திரும்பியதற்குக் காரணம் இந்த முஸ்லிம் சேவைதான்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். பாட்டைப் போடுவது வேறு. பேச அழைப்பது வேறு. நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியத்திலிருந்து ஓர் அதிகாரி தமக்குத் தெரிந்த பாட்டை, தமக்குத் தோன்றிய வரிசையில் எடுத்து ஒலிபரப்பும்போது, அந்தப் பாட்டுக்குரிய சமூகத்தார் நேயர்களாகவே இருக்கிறார்களேயன்றிப் பேசுகிறவர்களாக ஆவதில்லை. நோன்பு ஏன் நோற்கிறோம் என்பதைக் காரைக்கால் இமாம் ஒருவரின் வாயிலாக அண்டை வீட்டார் கேட்பதற்கும், தவக்காலத்து நாற்பது நாள் ஒறுத்தல் எதற்காக என்பதை மீனவக் குப்பத்து உபதேசியார் ஒருவரின் வாயிலாகக் கேட்பதற்கும், தீர்த்தவாரியின் பொருளைப் பட்டினச்சேரிப் பெரியவர் ஒருவரின் வாயிலாகவே கேட்பதற்கும், பாட்டு ஒருபோதும் ஈடாகாது. மூன்று பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுவிட்டால் சமத்துவத்தின் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுவது, விருந்துக்கு அழைத்தவரைத் திண்ணையிலேயே உட்காரவைத்துத் தாம்பூலம் கொடுத்து அனுப்புவதற்கு ஒப்பாகும். அன்றியும், அந்த நல்ல வழக்கம் வழக்கமாகவே இருக்கிறது, விதியாக இல்லை. நிலையத்தின் தலைமை மாறினால், மேலிடத்து மனோபாவம் மாறினால், நிகழ்ச்சிகள் டில்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ அஞ்சல் செய்யப்பட்டால், அந்த வழக்கம் யாருக்கும் சொல்லாமல் மறைந்துபோகலாம். மறைந்தபின் அதைக் கேட்டுப் பெறுவதற்கு நேயர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இல்லை. 1990-இல் பாராளுமன்றம் நிறைவேற்றி 1997-இல் அமலுக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நாட்டின் பல பிரதேசங்களுக்குரிய பல்வகைக் கலாசாரங்களுக்கும் மொழிகளுக்கும் போதிய இடமளிப்பதையும், சிறுபான்மையினரின் விசேஷத் தேவைகளைக் கருத்தில் கொண்டு தக்க நிகழ்ச்சிகளை அளிப்பதையும் அந்த ஸ்தாபனத்தின் கடமைகளாகவே எழுதிவைத்திருக்கிறது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த ஒரு மதத்தையும் வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி எவரையும் நிர்ப்பந்திக்கலாகாது என்பது அரசியல் சாசனத்தின் 27-ஆவது ஷரத்து. மதங்களையோ சமூகங்களையோ தாக்கிப் பேசுவது வானொலியில் கூடாது என்பது அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறி. இவையெல்லாம் நல்ல வார்த்தைகள். ஆயினும், எந்தச் சமூகத்துக்கு, எந்தக் கிழமையில், எத்தனை நிமிஷம், யாருடைய பொறுப்பில் என்ற நான்கு கேள்விகளுக்கு இவற்றில் எதுவும் விடை சொல்லுவதில்லை.

அந்த நான்கு கேள்விகளில் பலவற்றுக்கு விடை எழுதிவைத்த தேசம் ஒன்று உண்டு. அது காரைக்காலுக்கு அந்நியமானதன்று. பிரான்ஸ் தேசம் 1905-இல் அரசையும் திருச்சபையையும் சட்டத்தினாலே பிரித்துவிட்ட தேசம். அரசாங்கக் காரியங்களில் மதம் தலைகாட்டவே கூடாது என்பதில் அவர்களுக்குள்ள பிடிவாதம் உலகறிந்தது. அந்தத் தேசமே, 1986 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட ஒலி-ஒளிபரப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவில், நாட்டில் அனுஷ்டிக்கப்படும் முக்கிய மதங்களுக்குப் பொதுத் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் ஒதுக்கவேண்டும் என்றும், அந்த நிகழ்ச்சிகளை அந்தந்த மதத்தின் பிரதிநிதிகளே தங்கள் பொறுப்பில் தயாரிக்கவேண்டும் என்றும், அவை வழிபாட்டின் நேரடி ஒளிபரப்பாகவோ மத விளக்கமாகவோ அமையவேண்டும் என்றும், தயாரிப்புச் செலவை ஒரு வரம்புக்குட்பட்டு நிறுவனமே ஏற்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அதன்படி ஞாயிறு காலையில் பௌத்தர், முஸ்லிம்கள், யூதர், கீழைத் திருச்சபையார், புராட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கர் என்று ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். மதத்தை அரசிலிருந்து விலக்கியவர்கள் மதத்தினரைப் பொது ஊடகத்திலிருந்து விலக்கவில்லை.

இந்த ஏற்பாட்டிலும் குறையுண்டு. கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கிடைக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் மற்றவர்களுக்குக் கிடைப்பது சொற்பமே. அதைவிட எங்களைத் தொடும் குறை ஒன்று உண்டு. 1954-க்கும் 1962-க்கும் இடையே நடந்த அதிகார மாற்றத்தின் பயனாகக் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கிறார்கள். ஈழத்திலிருந்து சென்ற தமிழர்களும் அங்கே திரளாக இருக்கிறார்கள். பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் மாணிக்க விநாயகருக்குக் கோயில் உண்டு, ஆண்டுதோறும் அந்த வீதிகளில் தேரோடுகிறது, சிதறுகாய் உடைகிறது, பிரெஞ்சுப் போலீசார் வழிவிட்டு நிற்கிறார்கள். ஆனால் அந்த ஞாயிறு காலை வரிசையில் இந்து சமயத்துக்கு ஓர் இடமில்லை. காரைக்கால் கைலாசநாதரை வணங்கிவிட்டு விமானம் ஏறிய சைவர் ஒருவர் அங்கே போய் இறங்கியதும் சிறுபான்மையினராகி, தம் வரிப்பணத்தில் நடக்கும் தொலைக்காட்சியில் தமக்கு ஒரு நிமிஷமும் இல்லாதிருப்பதைக் காண்கிறார். அப்போது அவர் மனத்தில் எழும் ஏக்கத்தை நாம் நியாயமென்று ஒப்புக்கொள்வோமானால், இங்கே தர்கா வீதிக்காரரின் ஏக்கத்தையும் மாதா கோயில் வீதிக்காரரின் ஏக்கத்தையும் அதே தராசில் நிறுத்தவேண்டாமா? பெரும்பான்மை என்பதும் சிறுபான்மை என்பதும் ஒரு விமானப் பிரயாணத்தில் இடம் மாறிவிடுகின்றன என்பதைக் காரைக்கால்காரரைவிட நன்றாக அறிந்தவர் இந்தியாவில் குறைவு.

நம் தேசியத் தொலைக்காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை மனம் திறந்து சொல்லவேண்டும். 1987 ஜனவரியில் தூர்தர்ஷன் ராமாயணத்தைத் தொடங்கியபோது, ஹிந்தி புரியாத எங்கள் ஊரிலும் ஞாயிறு காலையில் வீதிகள் வெறிச்சோடின. அதைத் தொடர்ந்து மகாபாரதம் வந்தது. பின்னர் பைபிள் கதைகளும் அதே தூர்தர்ஷனில் தொடராக வந்தன. இதிகாசத்தை ஒளிபரப்பியதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வராது. அது இந்நாட்டு ஜனங்கள் அனைவருக்கும் பொதுவான இலக்கியச் செல்வம். ஆனால் 2024 ஜனவரி 22-ஆம் தேதி அயோத்தி ராமர் கோயிலில் நடந்த பிராணப் பிரதிஷ்டையைப் பெரும் ஏற்பாடுகளோடு நேரலையாக வழங்கிய அதே தூர்தர்ஷன், அவ்வாண்டு மார்ச் முதல் அக்கோயிலின் காலை ஆரத்தியை நாள்தோறும் ஒளிபரப்பத் தொடங்கியபோது, வினா வேறாகிவிட்டது. பக்தர்களுக்கு அது ஆனந்தம். அந்த ஆனந்தத்தைப் பறிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அன்றாடம் ஒரு வழிபாட்டுக்குத் தேசிய அலைவரிசையில் நிரந்தரமான நேரத்தைக் கொடுத்துவிட்ட ஸ்தாபனம், மற்ற வழிபாட்டாருக்கும் அதே ஒழுங்கில், அதே நிரந்தரத்தில் நேரத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டுவிட்டது என்று மாத்திரம் சொல்கிறேன். கொடுக்க இயலாதெனில் முதலில் கொடுத்ததற்கு நியாயம் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நான் அறியாதவனல்லன். மதத்தையே பொது ஒலிபரப்பிலிருந்து முற்றிலும் விலக்கிவிட்டால் தொல்லையில்லை என்கிறார்கள் சிலர். விடியலில் பாங்கும் மணியும் நாகஸ்வரமும் கேட்டு எழுகிற ஜனங்களுக்கு அவர்களுடைய வாழ்வின் மையத்தைத் தொடாத வானொலியைக் கொடுத்தால், அவர்கள் அதை மூடிவிட்டு வேறு குரல்களை நாடிப் போவார்கள்; அந்த வேறு குரல்கள் எப்படிப்பட்டவையாக இருக்கும் என்பதைக் கைப்பேசி வைத்திருப்பவர் யாரும் அறிவார். செல்வமுள்ள மடங்களுக்கும் தேவஸ்தானங்களுக்கும் சபைகளுக்கும் சொந்தமாகத் தொலைக்காட்சிகள் இருக்கின்றனவே, வானொலி எதற்கு என்கிறார்கள் வேறு சிலர். செல்வமுள்ளவர்களுக்கு இருக்கின்றன என்பதே என் வாதத்துக்கு அனுகூலம். மத ஸ்தாபனங்கள் தனியார் பண்பலை உரிமம் பெற விதிகள் இடம் தருவதில்லை. தொலைக்காட்சி நடத்தும் பணமும் கிளிஞ்சல்மேட்டு அம்மன் கோயிலுக்கோ நிரவியிலுள்ள ஒரு சிறு பள்ளிவாசலுக்கோ வரப்போவதில்லை. பணமில்லாதவரின் குரலுக்காகத்தான் பொது ஒலிபரப்பு என்ற ஒன்றை உலகம் ஏற்படுத்தியது.

ஜனத்தொகை விகிதத்தின்படி நேரத்தைப் பங்கிடலாமே என்பது மூன்றாவது வாதம். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். ஆனால் ரேஷன் அரிசிக்குப் பொருந்தும் விகிதம் பேச்சுக்குப் பொருந்தாது. ஒருவர் தம் நம்பிக்கையை விளங்கச் சொல்வதற்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் நேரம், அவருடைய சமூகம் பெரியதாயினும் சிறியதாயினும் ஒன்றேதான். ஐந்து நிமிஷத்தில் தவக்காலத்தை விளக்கு என்று சிறிய சமூகத்தைப் பணிப்பது, பேசவிடாமல் பேசவைப்பதாகும். ஆகவே அடித்தளமாக எல்லோருக்கும் சமமான ஒரு கால் மணி நேரம். அதற்குமேல் மாங்கனித் திருவிழாவுக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் கந்தூரிக்கும் தேர்பவனிக்கும் கூடுகிற கூட்டத்தையொட்டி விசேஷ நேரம் எவ்வளவு வேண்டுமாயினும் கொடுக்கலாம். தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிம்மர் நாகூர் தர்காவின் உயர்ந்த மனோராவை, 131 அடி உயரத்தில், கட்டிக்கொடுத்தபோது தம் ராஜ்யத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துச் செங்கல்லை அளந்து கொடுக்கவில்லை.

நேரத்தைக் கொடுத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது என்பதை நான் அநுபவத்தில் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வெளியூரிலிருந்த ஒரு நிலையத்தின் குரல் தேர்வுக்கு, எனக்கு அறிமுகமான முதிய பக்கீர் ஒருவரை அழைத்துச் சென்றேன். தாயிராவைத் தட்டிக்கொண்டு, நடந்தபடியே, தொண்டை கிழியப் பாடுவது அவர் வழக்கம். அங்கிருந்தவர்கள் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் தாயிராவை வெளியே வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து, தம்புராச் சுருதியில் பாடும்படி சொன்னார்கள். அவர் இரண்டு அடி பாடினார், நிறுத்திவிட்டார், எழுந்து ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அந்த வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டுவதுபோல் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் எந்த நிலையத்துக்கும் அவர் வரவில்லை.

இது ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்த காரியம் அன்று. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை விதித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை நீட்டித்தது. சாஸ்திரீய சங்கீதத்தின் நுட்பம் கெடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இருந்திருக்கலாம். ஆயினும் பஜனை மடத்திலும் கவாலிக் கச்சேரியிலும் தேவாலயத்துப் பாடகர் குழுவிலும் அந்தப் பெட்டி ஒன்றைத் துணையாகக் கொண்டே தெய்வத்தைப் பாடிவந்த எத்தனையோ எளிய மனிதர்களுக்கு, அந்தத் தடை வானொலி வாசலைப் பாதி சாத்திவிட்டது. ஒரு சமயத்தாரின் குரலை ஏற்பதென்றால் அந்தக் குரலின் வாத்தியத்தையும் வழக்குச்சொல்லையும் மூச்சையும் சேர்த்தே ஏற்கவேண்டும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கிறிஸ்தவராயிருந்துகொண்டே கர்நாடக ராகங்களில் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். அவரைப்போல் சாஸ்திரீய வடிவத்துக்குள் தம் விசுவாசத்தை அமைத்துக்கொள்ள வல்லவர்களுக்கு நிலையத்தின் கதவு சுலபமாகத் திறக்கும். அந்த வடிவம் கைவராத மீனவப் பெண்ணின் மாரியம்மன் தாலாட்டுக்கும் அதே கதவு திறக்கவேண்டும்.

யாரைப் பிரதிநிதியாக அழைப்பது என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. நான் அதை எளிதாக்கிச் சொல்லப்போவதில்லை. முஸ்லிம்களுக்குள் தர்கா வழிபாட்டை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு. கிறிஸ்தவர்களுக்குள் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் உண்டு. இந்துக்கள் என்ற ஒரு பெயருக்குள் சைவர், வைணவர், ஊர்க்காவல் தெய்வங்களை வழிபடுவோர், கோயிலின் கருவறையை எட்ட நின்றே பார்த்துப் பழகிய சேரி ஜனங்கள் என்று எத்தனையோ பேர். ஒருவரையே நிரந்தரப் பேச்சாளராக்கினால், சமூகத்துக்குக் கொடுத்த உரிமை தனிமனிதரின் பதவியாகிவிடும். சுற்று முறையே இதற்கு மருந்து. காலாண்டுக்கு ஒருமுறை பேச்சாளர்கள் மாறவேண்டும். அந்தச் சுற்றில் பெண்கள் கட்டாயம் இருக்கவேண்டும். காரைக்கால் என்ற பெயரைத் தமிழுலகம் பதினான்கு நூற்றாண்டுகளாக உச்சரித்துவருவது பின்னாளில் அம்மையாரான புனிதவதி என்ற ஒரு வணிகர் மகளின் பொருட்டல்லவா? அந்த ஊரின் வானொலியில் சமயத்தைப் பற்றிப் பேச ஆண்கள் மட்டுமே அழைக்கப்பட்டால் அது அம்மையாருக்கே இழைக்கும் அபசாரம். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அந்தச் சுற்றில் ஒரு முறை வேண்டும். லண்டன் பி.பி.சி. வானொலி 1970 முதல் காலை வேளையில் நடத்தும் சிந்தனைப் பேச்சில் பல மதத்தார்க்கும் இடமிருந்தும் நாஸ்திகர்களுக்கு இடமில்லை என்ற வழக்கு நெடுங்காலமாய் நடந்துவருகிறது. பெரியாரைப் பெற்ற தமிழகத்தில் அந்த வழக்குக்கு இடம் வைக்கக்கூடாது.

பேசுவோர்க்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டியதே. பிற மதத்தைப் பழிக்கலாகாது, நோய் தீரும் என்று வாக்களிக்கலாகாது, மதம் மாறும்படி அழைக்கலாகாது, நன்கொடை கேட்கலாகாது. இந்த நான்குக்கும் உட்பட்டுப் பேசுகிறவரை நிலையத்தார் திருத்தவும் கூடாது.

நம் தேசத்தில் நவம்பர் 12-ஆம் தேதியைப் பொதுச்சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேதியின் வரலாறு இளைஞர்களுக்குச் சொல்லப்படவேண்டியது. 1947-இல் அன்றைக்குத் தீபாவளி. பிரிவினையின் கலவரத்தில் வீடிழந்து, மக்களை இழந்து, குருக்ஷேத்திர முகாமில் அடைக்கலம் புகுந்திருந்த லட்சக்கணக்கான அகதிகளிடம் நேரில் செல்ல இயலாமற்போன காந்தியடிகள், டில்லி வானொலி நிலையத்துக்கு வந்து அவர்களோடு பேசினார். அவர் அந்த நிலையத்துக்குச் சென்றது அந்த ஒரே ஒரு முறைதான். மதத்தின் பெயரால் வெட்டுண்ட ஜனங்களுக்கு ஆறுதல் சொல்லுவதற்காக ஒரு கிழவர் மைக்கின் முன் அமர்ந்த நாளைத்தான் இந்நாட்டுப் பொது ஒலிபரப்பு தன் திருநாளாகத் தேர்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. காரைக்கால் நிலையம், ஊரிலுள்ள சமயச் சமூகங்களையும் மீனவப் பஞ்சாயத்தாரையும் பெண்களையும் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவைக் கூட்டி, வாரத்துக்கு ஒரு கால் மணி நேரத்தைச் சுற்று முறையில் பங்கிட்டு, ஓராண்டுக்கான அட்டவணையை முன்கூட்டியே எழுதி, நிலையத்தின் வாசலிலும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் ஒட்டவேண்டும். தமக்குரிய நேரம் மறுக்கப்பட்டது என்று கருதுகிறவர் முறையிட இடம் வேண்டும். பிரசார் பாரதிச் சட்டம் முறையீடுகளைக் கேட்பதற்கென்று சொல்லியிருக்கும் ஒலிபரப்பு மன்றம் ஏட்டிலிருந்து இறங்கி நடைமுறைக்கு வரவேண்டும் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் டில்லியில் கேட்கவேண்டும். அடுத்த மாங்கனித் திருவிழாவுக்கு முன்னால் முதல் அட்டவணை வெளிவருமானால், அதில் முதல் கால் மணி நேரத்தை எந்தச் சமூகத்தாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கலாம். நேயர்களாகிய நீங்களும் அன்றைக்கு நிலையத்துக்கு வந்து அதைப் பார்த்துப் போகவேண்டும்.